உரிமைக்கோரல் ஒன்று

காப்புரிமை மனு எழுதுவது என் பிழைப்பு.
வியப்பு, ஒருவேளை, ஐயோ
இந்தச் சொற்களுக்கு அதில் இடமில்லை.

ஹெப்சிபா வந்தபோது மணி ஏழரை.
மாரத்தஹள்ளிப் பாலத்து நெரிசல் இன்னும் அவள் முகத்தில்.
என் டீ டம்ளரை இழுத்து
அடியில் ஊசி குத்துவதுபோல் காட்டினாள்.
"மெமரின்னா இவ்வளவுதான் சார்.
கோடிக்கணக்கில டம்ளர்.
நிறைஞ்சிருந்தா ஒண்ணு, காலின்னா பூஜ்யம்.
எல்லாமே ஒழுகும்."

ஒழுகித் தீர்வதற்குள் படித்துப் பார்த்து
மறுபடி ஊற்ற வேண்டும்,
விநாடிக்கு ஏறக்குறைய பதினாறு தடவை,
நல்லதற்கும் ஓட்டைக்கும் ஒரே அளவாய்.
நாம் குறட்டை விடுகையிலும்
தலைமாட்டில் போன் இதைத்தான் செய்கிறது.

எந்த வரிசை தாங்கும், எது தாங்காது
என்றொரு பட்டியலைச் சில்லுக்கே கொடுத்துவிட்டாள் அவள்.
சோனிக்கு அடிக்கடி.
மற்றவை கிடக்கட்டும், நாலு சுற்றுக்கு ஒருமுறை.

எப்போது தோன்றியது என்றேன்.
படிவத்துக்குத் தேதி வேண்டும்.

முருகேஷ்பாளையா, மார்ச், விடியற்காலை நாலு.
காவிரித் தண்ணீர் திறக்கும் திம்மராஜு
ஆளுயர இரும்புச் சாவியோடு
கிராஸ் கிராஸாகப் போகிறார்.
மூன்றாம் கிராஸுக்கு இரண்டு நாளுக்கொருமுறை.
எட்டாம் கிராஸுக்கு மட்டும் தினமும்,
அங்கே தொட்டியெல்லாம் விரிசல்.
கையில் தாள் இல்லை, நோட்டு இல்லை.
எப்படித் தெரியும் என்று இவள் கேட்க
"திட்டுறாங்கல்ல" என்றாராம், கன்னடத்தில்.

"அவர் பேரையும் போடுங்க சார்.
ரெண்டாவது கண்டுபிடிப்பாளர்."

முடியாதும்மா.
அவரைச் சொன்னால் முன்பே அறியப்பட்டது என்று
மனுவையே தள்ளிவிடுவார்கள்.

அவள் வாதாடவில்லை.
டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தாள்.
மிச்சமிருந்த டீ என் கோப்பில் பரவியது.

மூன்று வருடம், இரண்டு ஆட்சேபம்.
பதினோரு உரிமைக்கோரல், நாலு படம்.
மூன்றாம் படத்தில்
எந்த வரிசைக்கு எப்போது என்று முடிவெடுக்கும் கட்டத்துக்கு
எண் வர வேண்டிய இடத்தில்
இரண்டு எழுத்து போட்டிருந்தேன்: டி.ஆர்.
ஆய்வாளர் கேட்கவில்லை.
ஹெப்சிபா கவனித்தாளா, தெரியாது.

எங்கள் தெருவுக்கு வேறு வால்வுக்காரர்.
பெயர் தெரியாது.
மூன்று நாளாய்த் தண்ணீர் இல்லை.
வாசலில் நின்று
சத்தமாய்த் திட்டிப் பார்க்கலாமா என்றிருக்கிறது.