கையெழுத்து நாற்பது டாலர்

டொலிடோ விமான நிலையத்தருகே
ஈரக் கம்பளம் நாறும் விடுதி மண்டபம்.
தொப்பை தள்ளிய விண்வெளித் தளபதிகள்
காப்பிக்கு வரிசையில் நிற்கிறார்கள்.
பனி வாரும் லாரியை வாசலில் விட்டுவிட்டு
பூட்ஸ்கூட மாற்றாமல் வந்திருக்கிறேன்.

மேசைக்குப் பின்னால் வின்னிஃப்ரெட் ஹாஸ்.
எழுபத்தொன்பதில் விண்கலத்தின் மருத்துவர்;
எந்தக் கிரகத்தில் யார் விழுந்தாலும்
முதலில் குனிகிற முகம்.
இப்போது ஒரு பிரெட்ஸெலை
நான்காக உடைத்துக்கொண்டிருந்தாள்.

ஒத்திகை பார்த்து வந்த வாக்கியம்
தொண்டையில் நின்றுவிட்டது.
"கடைசி அத்தியாயத்தில் நீங்கள்..."
"அதை நான் பார்த்ததேயில்லை.
அன்றிரவு மகளுக்குக் காய்ச்சல்,
பிறகு எப்போதும் ஏதாவதொன்று.
சொல்லேன், அந்தக் கதவு திறந்ததா?"

பின்னால் இருபது பேர் பெருமூச்சு விட, சொன்னேன்:
திறக்கவில்லை.
அந்தப்பக்கம் யாரோ மூன்று முறை தட்டினார்கள்.
விளக்குகள் ஒவ்வொன்றாய் அணைந்தன.
கதவின் மேல் உங்கள் கை மட்டும்.
எனக்கு ஒன்பது வயது.
அடுத்த வாரமும் அதே நேரத்துக்கு உட்கார்ந்திருந்தேன்,
பௌலிங் போட்டி காட்டினார்கள்.

"மோதிரம் இருந்ததா, கையில்?"
இருந்தது. பச்சைக் கல்.
"அப்படியா" என்று சிரித்தாள்.
"நான் அதற்குள் ஊருக்குப் போய்விட்டேன்.
அது ஒப்பனைக்காரி டோரீனுடைய கை."

புகைப்படத்தில் தன் பெயரை எழுதி,
யோசித்து,
மேலே அவள் பெயரையும் எழுதினாள்.
நாற்பது டாலரை எண்ணி வாங்கிக்கொண்டு
பிரெட்ஸெலில் ஒரு துண்டை
என் பக்கம் தள்ளினாள்.

வெளியே மறுபடி கொட்டத் தொடங்கியிருந்தது.
வாயில் உப்போடு லாரியைக் கிளப்பினேன்.