ஆறு தட்டில் ஒரு போர்வை

அரசன் சொன்னானாம்:
உன் போர்வை மூடுமளவு நிலம் எடுத்துக்கொள்.
புனித பிரிஜித் விரித்தாள். அது நிற்கவேயில்லை.

கொட்டாஞ்சேனையில் எங்களுக்குக் கிடைத்தது
அன்சலம் அண்ணனின் ஓட்டோ நிற்கும் இடம்,
இரவு எட்டு வரை.

ஐரிஷ் ஜிக்கின் முதல் பகுதி வயலினில் வந்துவிட்டது.
இரண்டாவதில் போர்வை விரிய வேண்டும்;
நாலு நாளாய் என் வில்
ஓரத்தைப் பிடித்து இழுக்கிறது, வரவில்லை.

"கை அசையக்கூடாது மெரிட்டா,
கால் மட்டும்."
அவளுக்கு ஆறு தட்டென்றால்
கலியாண வீட்டு பைலா.
இடுப்பு முந்திக்கொண்டது.
விலாவோடு ஒட்டிய கை பிரிந்தது.
ஒழுங்கையில் தேங்காயோடு போனவர்
பையைக் கீழே வைத்தார்.

திருத்த வாயெடுத்தேன்;
வில் அதற்குள் அவள் பின்னால் போய்விட்டது.

எட்டே கால்.
அண்ணன் ஓட்டோவை வெளியிலேயே நிறுத்தி
விளக்கை எங்கள் பக்கம் திருப்பினார்.