வந்த காரணம்

இரவு ஒன்பதுக்குள் பதிய வேண்டும்,
எந்த வீட்டில் யார் தலைசாய்க்கிறார் என்று.
வார்டு ஆபீஸ் பெஞ்சில் ஈரக் குடையோடு நான்.
மோல்மேனில் ஆடி மழை
கேள்வி கேட்காமல் பெய்யும்.
கேட்பதெல்லாம் இந்தப் படிவம்தான்.

பெயர்.
தையல்நாயகி என்றேன்.
டோ கின் டே காதில் முதல் எழுத்து மட்டும் விழுந்தது.
"டோ தை" என்று எழுதிக்கொண்டாள்.
தட்டோனில் நான் மா மியா.
பெகு ஆலையில் வெறும் 'கணக்கு'.
எதற்கும் திரும்பிப் பார்ப்பேன்.

எங்கிருந்து?
எந்த எங்கிருந்து என்று கேட்க வாய்வரை வந்தது.
"டவுங்கூ" என்றேன்,
கடைசியாகப் பூட்டிய கதவு அங்கேதான்.

அடுத்த கட்டம்:
வந்த காரணம்.

ஒன்பது வயதில் அப்பா இதை நிரப்பப் பார்த்தேன்.
"வேலை".
மூன்று மாதத்தில் வேறு ஊர், மறுபடி "வேலை".
வேலை எங்களுக்கு முன்னே ஓடிய நாய்,
எந்த ஊரிலும் அதன் வாலைத்தான் பார்த்தோம்.
மொட்டமாக் கரையில், பாலம் இல்லாத காலம்,
படகுக்குக் காத்திருக்கையில்
அம்மா மடியில் அம்மிக்குழவி.
அம்மி வரவில்லை, கனம்.
அடுத்த வீட்டில் குழவி
கதவுக்கு முட்டுக்கொடுத்தது.

கல்யாணத்துக்கு ப்ரோம்.
அவர் எல்லை தாண்டி தாய்லாந்து போனார்,
கடிதம் இரண்டு வந்தது.
பிறகு பெகு. காரணம் "உறவினர்" என்று எழுதினேன்.
உறவென்று ஒருவரும் இல்லை அங்கே,
அரிசி ஆலையில் ஒரு பேரேடு இருந்தது.

பேரேடு எனக்குப் பிடிக்கும்.
பக்கம் முடிந்தால் கூட்டுத் தொகையைத் தூக்கி
அடுத்த பக்கத்தின் தலையில் வைக்கலாம்.
வீடு மாறும்போது அப்படி எதையும்
தூக்கி வைக்க முடிந்ததில்லை.

பதினான்கு வீடு.
எதிலும் முதலில் தேடியது
சுவரில் முன்னவர் விட்டுப்போன ஆணி.
இருந்தால் காலண்டர், பை, மழைக்கோட்டு, எல்லாம் அதிலேயே.
இல்லாவிட்டால் அடிப்பதில்லை.
அடித்தால் தங்கிவிடுவோமோ என்ற பயமா,
தங்கமாட்டோம் என்று தெரிந்த சோம்பலா,
இன்னும் பிரித்தறியவில்லை.

சில இரவு நினைப்பேன்,
எங்கோ எனக்கென்று ஒரு காரியம்
கையில் கூலியோடு காத்திருக்கிறது,
நான்தான் ஒரு ஸ்டேஷன் முன்னதாக
இறங்கிவிட்டேன் என்று.
அல்லது தாண்டிப் போய்விட்டேன்,
தூக்கத்தில்.

"சீக்கிரம்" என்றாள் டோ கின் டே.
கரண்ட் போனது.
இருட்டில் எல்லோரும் கொஞ்ச நேரம்
காரணமில்லாமல் உட்கார்ந்திருந்தோம்.
யாரோ இருமினார்கள்.
யாரோ சூரியகாந்தி விதை கடித்துத் துப்பினார்கள்.
நன்றாகத்தான் இருந்தது.

மெழுகுவர்த்தி வந்ததும் அவள்
நோட்டைத் தன் பக்கம் இழுத்து
எனக்கு முந்தியவர் வரிக்குக் கீழே
இரண்டு சின்னக் கோடு போட்டாள்.
மேற்படி.
முத்திரை குத்தினாள்.

மேற்படி யார்? எட்டிப் பார்த்தேன்.
முடோன்காரர், வயது எழுபது,
வந்த காரணம்:
காது வைத்தியம்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு படி இறங்கினேன்.
ஐம்பத்தெட்டு வயதில்
அரசாங்கத் தாளில் எனக்கொரு காரணம்,
அதுவும் முத்திரையோடு.

அறை, சைக்கிள் கடைக்கு மேலே.
ஆணி இல்லை. பையைத் தரையில் வைத்தேன்.
கீழே ஒருவன் ட்யூபைத் தண்ணீரில் முக்கி
ஓட்டை தேடுகிறான்.
இத்தனை மழையிலும் அந்தக் குமிழி
எனக்குக் கேட்டாற்போல் இருந்தது.
தகரம். பல்லி.
தடுப்புப் பலகைக்கு அப்பால் ஒருத்தி
பிள்ளைக்கு மோன் மொழியில் எண் சொல்லித்தருகிறாள்.
ஏழுக்குப் பிறகு அது நேரே பத்துக்குத் தாவுகிறது.
அவள் விடுவதாயில்லை, மறுபடி ஒன்றிலிருந்து.

விளக்கை அணைக்க எழுந்தேன்,
கரண்ட்தான் இல்லையே.
சும்மா படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்,
வைத்தியத்துக்கு வந்தவள் மாதிரி.