பத்துக்கு எட்டு

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு அடியில்
பகலிலும் ட்யூப்லைட் எரியும் கடை என்னுடையது.
கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி
எல்லாவற்றுக்கும் சதுர அடிக்கு ஒரே பைசா.

வெண்பிறை முந்திரிக் கம்பெனி என் பெரிய வாடிக்கை.
விரித்த உள்ளங்கையில் ஒற்றை முந்திரி
மூன்றாம்பிறையாய்ச் சாய்ந்து கிடக்கும்; அதுதான் முத்திரை.
அந்தக் கையின் ஆயுள்ரேகை, தனரேகை எல்லாம்
ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு ராத்திரி
நான் மவுஸ் பிடித்து வரைந்தவை.

கருங்கல்லில் அவர்கள் நிழற்குடை கட்டினார்கள்.
'கை கழுவுவோம், நோய் விரட்டுவோம்.'
சமூகப் பொறுப்பு என்று அடியில் பொடி எழுத்து.
தகரக் கூரையைவிட போர்டு அகலம்.

பள்ளிக்கூடம் திறந்த வாரம், விடாத மழை.
அண்டி ஆபீஸில் தல்லு வேலை பார்க்கும் மூன்று பேர்
நனைந்த குடைகளை வாசலில் சாய்த்தார்கள்.
ரெத்தினபாய் பேசினாள்:
"அண்ணா, ஒரு போர்டு அடிக்கணும்.
என்ன எழுதணும்னுதான் தெரியல்ல."

ரேஷன் கடை மிஷினில்
துடைத்துத் துடைத்து நாலு தடவை விரல் வைத்தாளாம்.
மிஷின் அவளைத் தெரியாது என்றுவிட்டது.
சாம்பல் தொட்டுக்கொண்டாலும்
தோட்டெண்ணெய் ரேகையைத் தின்றுவிடும்.
அரிசி இல்லாத பையோடு
மழைக்கு அந்த நிழற்குடையில்தான் ஒதுங்கினாளாம்,
கை கழுவச் சொல்லும் போர்டுக்குக் கீழே.

ஸ்கேனரின் மூடியைத் திறந்து, "வை" என்றேன்.
திரை நிறைய வந்தது கை:
தேய்ந்த சோப்பு.
ஓரங்களில் கருப்பு.
"எழுத்து வேண்டாம்."

பத்துக்கு எட்டு.
சில்லறையாய் எண்ணி வைத்தார்கள்.
பெரிய வாடிக்கை ஞாபகம் வந்தது.
பைசாவை வாங்கிக்கொண்டேன். பில் போடவில்லை.

நிழற்குடைக்கு எதிரே டீக்கடை மாடியில் கட்டினார்கள்.
ரேகையுள்ள கை இந்தப் பக்கம்,
ரேகையில்லாத கை அந்தப் பக்கம்,
நடுவே பஸ்கள்.
இரண்டு நாள் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.
மூன்றாம் நாள் ஜன்னல் சீட்டிலிருந்து ஒருத்தி எடுத்த படம்
கொச்சி போய், துபாய் போய்,
ராட்டர்டாமில் ஒரு கடைத்தட்டில்
முந்திரி டப்பாவுக்குப் பக்கத்தில் கேள்வியாய் நின்றது.
அங்கிருந்து கடிதம் வந்ததாம். இரண்டே வரி.
பதினெட்டு வருஷத்துச் சங்க மனுக்கள்
எந்த மேஜையில் தூங்கினவோ
அந்த மேஜைக்கு மேலே ராத்திரியெல்லாம் வெளிச்சம்.

கம்பெனி ஆள் அனீஷ் வந்தான்,
கார் இன்ஜினை அணைக்காமல்.
"காலையில பதினஞ்சு போர்டு வேணும்."
கையுறை மாட்டிய முப்பது பெண்கள் படத்தில்.
"பிறையைச் சின்னதாப் போடுங்க,
இப்ப பெரிசாப் போட்டாத் திட்டுறாங்க."

பொய் என்று சொல்ல மாட்டேன்.
கையுறை கொடுத்தார்கள்.
செவ்வாய்தோறும் டாக்டர் வந்தார்.
கண்ணைப் பார்த்து ஆளறியும் மிஷினுக்கும்
கம்பெனிதான் பணம் கட்டியது.
ரெத்தினபாய் கண்ணைக் காட்டி அரிசி வாங்கினாள்.
படத்தைப் பெரிதாக்கியபோது
ஒரு கையுறையின் மணிக்கட்டில் விலைச்சீட்டு தொங்கியது.
"அழிக்கவா?"
"அழிச்சிருங்க."
அழித்தேன்.

ஐப்பசியில் கையுறைகள் கிழிந்தன.
புதுசு அடுத்த பட்ஜெட்டில் என்றார்களாம்.
டாக்டரையும் இரண்டு செவ்வாயாய்க் காணோம்.
ரெத்தினபாய் வந்தாள்.
"அந்தக் கை உண்டுமா அண்ணா?"

உண்டு.
வெண்பிறை என்ற ஃபோல்டரிலேயே,
முத்திரைக்குப் பக்கத்தில்.
எப்போது அங்கே போட்டேனோ.

"இந்தத் தடவை பில் போடணும்,
சங்கத்துல கணக்குக் காட்டணும்" என்றாள்.
பிறகு திரையின் கீழ் மூலையைத் தொட்டாள்:
"எல்லா போர்டுலயும் இங்க உங்க கடைப் பேரு இருக்குமே.
போன தடவை எங்களுக்கு மட்டும் இல்லை."

ரேகையில்லாத அந்த விரல்
திரையில் ஒரு தடமும் விடவில்லை.

மேலே பாலத்தில் ஏதோ லாரி போனது, டம்ளர் அதிர்ந்தது.
கடைப் பேரைத் தட்டினேன்.
போன் நம்பரின் முதல் எண்ணையும்.
ஒன்பது.