பூஜ்யத்தில் நின்ற லாரி

முதல் வரியில் உ என்று அடித்தேன்.
எங்கள் மில்லில் எந்தக் கணக்கும்
அந்தச் சுழி இல்லாமல் தொடங்கியதில்லை.
உ யாரென்று எனக்குத் தெரியாது
என்றது கணினி, சிவப்பு எழுத்தில்.

புதுவயலில் இராத்திரி இரண்டு மணி.
எடைமேடையை ஒட்டிய அறை,
தவிட்டுப் புழுதி ஏறிய விசைப்பலகை,
நெல் அவிகிற புளிப்பு வாடை.
பைத்தான் படிக்க ஆரம்பித்துப்
பத்தொன்பது நாள் ஆகியிருந்தது.
போனில் ஒரு பையன் சொல்லித் தருவான்.
பாதி புரியும், மீதியை
ரசீதுப் புத்தகத்தின் முதுகில் எழுதிவைப்பேன்.

முதலில் உலகத்துக்கு வணக்கம் போடு என்றான்.
உலகத்தோடு எனக்கென்ன பேச்சு?
வெளியே பதினான்கு லாரி நிற்கிறது,
யார் முந்தி வந்தது என்று
சட்டையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர்.

முன்பெல்லாம் டயரில் சாக்பீஸால் எண் போடுவேன்.
மழை பெய்தால்
எல்லா லாரியும் ஒன்றாம் நம்பர்.

அதற்காகத்தான் எழுதினேன்.
வந்தவர் பெயரைப் பட்டியலில் சேர்,
மேடை காலியானால் அடுத்தவரைச் சொல்.
மொத்தம் பதினோரு வரி.
உ-வுக்கு முன்னால் ஒரு ஹாஷ் குறி வைத்தேன்.
அது இருந்தால் கணினி அந்த வரியைப்
பார்த்தும் பார்க்காததுபோல் தாண்டிப் போகும்.
பிள்ளையாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

வரிசை என்றால் எங்கள் பக்கம்
கல்யாணத்துக்கு அடுக்குகிற பாத்திரம்.
எனக்கு வைத்தது ஏழு பித்தளை,
அதில் ஆறு அடகில்.
இது நான் வைத்த வரிசை.
எல்லாம் நெல் லாரி.

திரையில் வந்ததை மைக்கில் வாசித்தேன்:
செல்லையா, திருவாடானை லோடு.
லாரிக்கு அடியிலிருந்து ஒருவர்
துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.
அடுத்தது. அடுத்தது.
யாரும் கத்தவில்லை.
என் குரல் எனக்கே புதிதாக இருந்தது,
நான் எழுதியதை
பதின்மூன்று பேர் கேட்டு நடந்தார்கள்.

விடிந்து பட்டியல் முடிந்தது என்று திரை சொன்னபோது
கதவைத் தட்டினார் சூசைமாணிக்கம்.
நேற்று ஒன்பது மணிக்கே வந்தவர்,
எல்லாருக்கும் முந்தி.
"எம் பேரு வரவே இல்லையேம்மா.
இன்னும் கொஞ்ச நேரம் போனா
மூடைக்குள்ளயே நாத்து முளைச்சிரும்."

ரசீதுப் புத்தகத்தின் முதுகைத் திருப்பினேன்.
அங்கே என் கையெழுத்திலேயே இருந்தது:
கணினி பூஜ்யத்திலிருந்து எண்ணும்.
நான் ஒன்றிலிருந்து கூப்பிடச் சொல்லியிருந்தேன்.
இராத்திரி முழுக்க அவர் பூஜ்யத்தில் நின்றிருக்கிறார்,
பீடி தீர்ந்துபோய்.

சொன்னேன்.
"அப்ப மொதல்ல வந்தவனுக்குக் கணக்குல எடமே இல்லையா?"
"எடம் இருக்குண்ணே. நாந்தான் அங்கேருந்து கூப்பிடல."
கொஞ்சம் யோசித்தார்.
"எங்க முதலாளி எம் படியை
அங்கேருந்துதான் எண்ணுறாரு" என்றார்.

உள்ளே வந்து எந்த எழுத்து தப்பு என்று கேட்டார்.
காட்டினேன்.
ஒன்றை நான் அழித்தேன்.
கிரீஸ் விரலால் பூஜ்யத்தை அவர் அழுத்தினார்,
லிப்ட் பொத்தானை அழுத்துவதுபோல்
தேவைக்கு மேல் பலமாக.
திரையில் முதல் பெயராக அவர் பெயர் வந்தது.
எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு
"மாணிக்கத்துக்கு ரெண்டு சுழி னா போட்டிருக்கே" என்றார்.
அதையும் மாற்றினேன்.

அந்தச் சாவியில் கறை இன்னும் போகவில்லை.
நானும் துடைக்கவில்லை.

இப்போது சாயங்காலமானால்
காரைக்குடி ரோட்டிலிருந்து போன் வருகிறது:
"இன்னைக்குப் பூஜ்யம் யாரும்மா?"
அந்த இடத்துக்கு அடித்துப்பிடித்து ஓட்டி வருகிறார்கள்,
மெதுவாக வாங்க என்று திட்டுகிறேன்.

ஒரு குறை மட்டும் பாக்கி.
ஒரே இரவில் இரண்டு செல்லையா வந்தால்
இருவரும் சேர்ந்து மேடைக்கு ஓடி வருகிறார்கள்.
அதற்கு என்ன எழுதுவதென்று
பையன் இன்னும் சொல்லவில்லை.