தாய்: தெரியவில்லை

வெர்மான்ட்டில் மார்ச் மாதச் சேறு
வண்டிச் சக்கரத்தைப் பாதி விழுங்கியிருந்தது.
மோர்கன் குதிரைகளின் வம்சாவளிப் பதிவேட்டுக்கு
பெயர் ஒன்றுக்குப் பதினைந்து சென்ட் கூலியில்
பண்ணை பண்ணையாய் அலைந்துகொண்டிருந்தேன்.
ஐம்பது தாண்டிய மூட்டு,
ஒரு மைப்புட்டி,
எந்த வீட்டு நாய்க்கும் ஆகுமென்று
பையில் காய்ந்த ரொட்டி.

நதிமூலம் ரிஷிமூலம் கேட்கக் கூடாதாம்.
குதிரைமூலம் கேட்கலாம்.
அதிலும் தந்தைவழி கேட்டுவிட்டால்
இந்தப் பக்கம் மதியச் சாப்பாடு நிச்சயம்.

அல்ஃபியஸ் டட்டன் உருளைக்கிழங்கைப் பிட்டுக்கொண்டே
தன் கர்னலுக்கு ஐந்து தலைமுறை சொன்னான்,
மூச்சு வாங்காமல்,
கடைசியில் அந்த முதல் பொலிகுதிரை வரைக்கும்.
ஆள் தோளுயரமே இருந்த சின்னக் குதிரை.
பகலெல்லாம் மரம் இழுத்துவிட்டு
சாயங்காலம் பந்தயத்தில் ஜெயிக்குமாம்.
சொந்தக்காரன் பெயரே தன் பெயராகி
அதையே ஓர் இனத்துக்கும் விட்டுப்போனது.
"உன் தாத்தா பெயர்?" என்றேன் சும்மா.
"ஹைரமோ, ஹோரஸோ" என்று தாடியைச் சொறிந்தான்.

"சரி, கர்னலின் தாய்?"
"ஏதோ ஒரு நல்ல பெட்டை."

என் தாள்களில் அந்தப் பத்தி நெடுக இப்படித்தான்.
நல்ல பெட்டை.
செம்பழுப்புப் பெட்டை.
மாவுமில்காரனிடம் வாங்கிய பெட்டை.
தெரியவில்லை. தெரியவில்லை.
மை மிச்சமாகட்டும் என்று
வெறும் கோடு போடத் தொடங்கியிருந்தேன்.

மலைக்கு அந்தப்புறம் லெமைரா குவிம்பி
கதவைப் பாதி திறந்து நின்று கேட்டாள்:
"டட்டன் வீட்டுக் கர்னலுக்கா?
தாய் பெயர் டான்ஸி.
எங்கள் தொழுவத்தில் பிறந்தது.
விளக்குப் பிடித்தவள் நான்.
அதை டட்டனின் அப்பனுக்குக் கொடுத்துத்தான்
என் புருஷன் இந்த அடுப்பை வாங்கினான்."
ஒரு கால் உடைந்து
செங்கல் முட்டில் நின்ற இரும்படுப்பை
காலணி முனையால் தட்டிக் காட்டினாள்.

"பதினோரு குட்டி போட்டது.
நாலு, குதிரைப்படையோடு போருக்குப் போயின.
திரும்பியது ஒன்று, ஒற்றைக் காதோடு.
டான்ஸிக்கு இடது கண்ணுக்கு மேலே இரட்டைச் சுழி.
தொட்டியில் குடிக்குமுன்
முன்னங்காலால் மூன்று தட்டு தட்டும்,
பனிக்கட்டி உடைக்கிற மாதிரி.
ஜூலையிலும் தட்டும், கிறுக்கு.
ம், எழுது. ஏன் நிறுத்திவிட்டாய்?"

விதி ஆறைச் சொன்னேன்.
இரண்டு சாட்சி இல்லாமல் பெயர் ஏறாது.
"அடுப்பு ஒன்று" என்றாள்.
"இன்னொன்றுக்கு, குதிரையைப் போய்க் கேள்."
கதவு சாத்திக்கொண்டது.

பென்சிலில் எழுதினேன்: டான்ஸி.
வண்டிக்குள் உட்கார்ந்து,
மழை தாளில் படாமல் குனிந்து.

அச்சகத்தில் பென்சிலைப் படிப்பவர் இல்லை.
தோல் அட்டை, பொன் எழுத்து,
நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்:
டட்டனின் கர்னல், கறுப்பு, நெற்றியில் வெள்ளை.
தந்தை, தந்தையின் தந்தை, அவன் தந்தை
என்று சங்கிலி கோத்து இறங்கி,
கீழே பொடி எழுத்தில்
தாய்: தெரியவில்லை.
பூர்த்தியாகாத பெயர் என்று
என் கூலியில் பதினைந்து சென்ட் பிடித்தார்கள்.

ஆகஸ்ட்டில் புத்தகத்தோடு டட்டன் பண்ணைக்குப் போனேன்.
வைக்கோல் ஏற்ற வந்த ஆட்களை நிறுத்திவைத்து
தன் பக்கத்தை உரக்கப் படித்தான்.
அப்பன் பெயர் ஒவ்வொன்றுக்கும் குரல் ஒரு படி ஏறியது.

எனக்குத் தாகம். தொட்டிப் பக்கம் நடந்தேன்.
கர்னலின் மகள் போட்ட பெட்டைக் குட்டி,
நாலு மாதம்,
கால்கள் இன்னும் யாரிடமோ இரவல் வாங்கியவை போல,
எனக்கு முன்னே வந்து நின்றது.
வெயிலில் பாசி பிடித்த வெதுவெதுப்பான நீர்.
குனிந்தது. குடிக்கவில்லை.
முன்னங்காலைத் தூக்கி
ஒன்று.
இரண்டு.

"இந்தப் பீடை பழக்கத்தைப் பாரும்!"
டட்டன் வாசலிலிருந்து கத்தினான்,
புத்தகத்தில் விரலைச் செருகியபடி.
"எங்கள் வம்சத்தில் எந்தப் பொலிகுதிரைக்கும்
இப்படி ஒன்று கிடையாது.
எங்கேயிருந்து வந்ததோ!"

மூன்று.
தண்ணீர் என் சட்டையில் தெறித்தது.
பிறகு குட்டி குடித்தது.