எறும்பு ஊர்கிற கால்

வியாழன், பிற்பகல் இரண்டு மணி. மூன்றாம் மாடி நூலகம்.
பதினாறு கணினிகள், பதினான்குக்கு உயிர் இருக்கிறது.
வந்தவர்களின் விரல்களில்
நாசி கண்டார் வாசம் இன்னும் போகவில்லை.
ஜெலுத்தோங் பக்கம் மழை இருட்டுகிறது.

கேள்வியை முதலில் தாளில் எழுதுங்கள் என்கிறேன்.
யாருக்கு, என்ன செய்தால், எதைவிட, என்ன ஆகும்.
மருந்தாளர் பூன் கியாட் கட்டம் போட்டு எழுதுகிறார்.
பயிற்சி மருத்துவர் நூர்ஹாஃபிஸா அதற்குள் தட்டிவிட்டார்:
நீரிழிவு, பாதம்.
லட்சத்துச் சொச்சம் கட்டுரைகள் வந்து விழுகின்றன.
முதல் பக்கம் போதும் என்கிற முகம்.
அந்த முகம் எனக்குத் தெரியும்,
இருபத்தாறு வயதில் நான் போட்டுக்கொண்டு திரிந்தது.

பிறகு அந்தச் சின்னச் சொற்கள்.
வீட்டில் 'மேலும்' என்றால்
தட்டில் இன்னொரு கரண்டி விழும்.
இங்கே 'மேலும்' என்றால் தட்டு சுருங்கும்.
காப்பியா, அல்லது மைலோவா என்றால்
வீட்டில் ஒன்றுதான்.
இங்கே 'அல்லது' இரண்டையும் கொண்டுவரும்,
ஃபிளாஸ்க்கோடு.
சிரிக்கிறார்கள். சிரித்தால் பாதி ஏறிவிட்டது.
'வேண்டாம்' என்ற மூன்றாவதை மட்டும்
கை நடுங்கித் தொடுங்கள்:
குழந்தைகள் வேண்டாம் என்று சொன்னால்
பெரியவர்களோடு குழந்தைகளையும் பார்த்த ஆய்வு
செருப்பைக்கூட எடுக்காமல் வெளியே போய்விடும்.

எழுத்துக்கூட்டல். இரத்தச்சோகைக்கு
நாம் பள்ளியில் படித்த ஸ்பெல்லிங்கில் ஒரு ஏ உண்டு,
அமெரிக்காவில் அது கிடையாது.
அந்த ஓர் எழுத்துக்குப் பின்னால்
ஆயிரம் நோயாளிகள் வரிசையில் நிற்கலாம்.

கடைசி வரிசையில் மிஸ்ஸி தவமலர்.
நீரிழிவு கிளினிக், முப்பத்தோரு வருடம்.
இதுவரை விசைப்பலகையைத் தொடவில்லை.
கேள்வியை மலாயில் கேட்டார்,
எறும்பை மட்டும் தமிழில் சொன்னார்.
"கால்ல எறும்பு ஊருதுன்னு நம்ம ஆளு சொல்வார்.
மலாய்க்கார மாக்சிக் செமுட்-செமுட்னு சொல்லும்.
ரெண்டும் ஒரே எறும்பு.
அதை இதுல எங்க போடறது?"

பூன் கியாட்டிடம், ஹொக்கியனில் என்ன என்றேன்.
யோசித்தார். "மரத்துப்போச்சு என்போம், அவ்வளவுதான்."

தலைப்புச்சொல் பட்டியலைத் திறந்தேன்.
பரேஸ்தீசியா.
அதன் கீழே பொடி எழுத்தில் மாற்றுப்பெயர்கள்.
வருடக்கணக்காக நான் உருட்டித் தாண்டிப்போன வரிசை.
நடுவில் ஃபார்மிகேஷன்.
லத்தீனில் ஃபார்மிக்கா என்றால் எறும்பு.

யாரோ ஒருவர், எந்த ஊரோ,
மேசையில் உட்கார்ந்து
எறும்புக்கும் ஒரு இடம் போட்டு வைத்திருக்கிறார்.
அறை கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
குளிர்சாதனம் மட்டும் இருமியது.

அப்போது சொன்னேன், திட்டத்தில் இல்லாததை.
ஒன்பது வருடத்துக்கு முன்
ஒரு டாக்டர் அவசரமாகக் கேட்டார்.
ஒரே ஒரு சொல்லைப் போட்டுத் தேடினேன். சுழியம்.
'இல்லை' என்று மின்னஞ்சல் அனுப்பினேன்.
மறுவாரம் வேறொரு சொல்லில் அது இருந்தது,
ஏழு ஆய்வுகள்.
நோயாளிக்கு என்ன ஆனது என்று
நான் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.
'கிடைக்கவில்லை' என்று எழுதியிருக்க வேண்டும்.
தமிழில் அதற்குத் தனியாக ஒரு சொல்லே இருக்கிறது.

நூர்ஹாஃபிஸா முதல் பக்கத்தை மூடினார்.
தாளைக் கேட்டு வாங்கினார்.

தேடியதைக் குறித்து வையுங்கள் என்றேன்,
எந்த நாள், எந்தச் சொல், எத்தனை வந்தது.
தவமலர் சட்டைப்பையிலிருந்து
இரத்த அழுத்தம் குறிக்கிற குட்டி நோட்டை எடுத்தார்.
"இதத்தானே நாங்க தெனமும் செய்றோம்"
என்று சொல்லிக்கொண்டே எழுதினார்:

எறும்பு. 2.50. முந்நூற்றுப் பன்னிரண்டு.
நாலு மணிக்குத் திரும்பப் பார்க்கணும்.